டிரம்மர் இல்லாத மறுவருகை

2013 ஜூனில் பிளாக் சபாத் குழுவின் ‘13’ வெளிவந்தது. வந்த வேகத்தில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அதே குழுவின் ‘பாரனாய்டு’ 1970இல் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 43 ஆண்டுகள். அமெரிக்கப் பட்டியலில் அவர்கள் முதலிடத்துக்கு வந்தது அப்போதுதான், முதல் தடவையாக. பாடகர் ஓசி ஆஸ்போர்னுக்கு 64 வயது. பாஸ் வாசிக்கும் கீசர் பட்லருக்கு 63. கிதார் வாசிக்கும் டோனி ஐயோமிக்கு 65. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடையில்தான் அவர் இந்தத் தொகுப்புக்கு வாசித்தார். ‘தாத்தாங்க திரும்பி வந்துட்டாங்க’ என்று கிண்டல் செய்தவர்கள்கூட வாங்கிக் கேட்டார்கள்.

பர்மிங்காம் கிழவர்களின் இசைத்தொகுப்பைப் பற்றிச் செந்தூலில் இருந்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஹெவி மெட்டல் என்ற பெயரை அப்படியே தமிழில் சொன்னால் கனமான உலோகம். அந்தக் கனத்தைத் தோளிலும் கையிலும் அறிந்த ஊர் செந்தூல். ஒரு நூற்றாண்டு காலம் இங்கே ரயில் இரும்பைச் சூடாக்கி, அடித்து, வளைத்து, திரும்ப ஓடவிட்டவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். இரண்டு ஊரிலும் பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு ஊரின் இரும்புச் சத்தம் உலக இசையாகிவிட்டது. இன்னொரு ஊரின் சத்தம் எங்கே போனது?

முதலில் பர்மிங்காம். 1965இல் டோனி ஐயோமிக்குப் பதினேழு வயது. தகட்டு இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை. இசைக்குழுவோடு வெளியூர் போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். அழுத்து இயந்திரத்தில் வேலை செய்ய வேண்டியவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கி, வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துக்கொண்டது. ஐயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான்.

ஆஸ்பத்திரியில் இனி வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டை அவருக்குப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் கிதார் வாசித்த மேதை அவர். ஐயோமி வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு இரண்டு தொப்பி செய்தார். அதன்மேல் பழைய சட்டையின் தோலை ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தி வலித்ததால் மெல்லிய தந்தியைத் தேடிப் போட்டார். பிறகு, 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பிலிருந்து, தந்தியின் இறுக்கத்தைக் குறைத்துச் சுருதியையே கீழே இறக்கினார். உலகம் முழுவதும் இளைஞர்கள் இன்று ‘கனம்’ என்று உணரும் அந்த ஒலிக்கு ஒரு வேலையிட விபத்தின் காயமும் காரணம். சாத்தானோடு ஒப்பந்தம் போட்டதால் வந்த ஒலி என்று பயந்தவர்கள் உண்டு. உண்மையில் அது பாதுகாப்பு வசதி இல்லாத ஒரு பட்டறையில் இருந்து வந்தது.

மற்றவர்களும் அதே மண்தான். ஓசியின் அப்பா இரவு வேலைக்குப் போன கருவித் தொழிலாளி. அம்மா லூக்காஸ் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். ஓசியும் அதே தொழிற்சாலையில் கார் ஹாரன்களைச் சோதித்துச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்தார். பிறகு மாடு அறுக்கும் கூடத்தில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்த இடிபாடுகளில் விளையாடி வளர்ந்த தலைமுறை அது. அருகிலுள்ள வால்சாலில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, பக்கத்து உலோக ஆலையின் சம்மட்டி அடியில் பள்ளிக்கூட மேசை அதிர்ந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாட்டு வருவதற்கு முன்பே அந்த ஊரில் தாளம் இருந்தது.

இனி செந்தூல். 1901இல் மலாய் மாநிலங்களின் ரயில்வே ஒரே நிர்வாகமாக்கப்பட்ட பிறகு, அதன் மையப் பட்டறை செந்தூலில் எழுந்தது. நீராவி இன்ஜின்களைப் பிரித்துச் சரிசெய்தார்கள். பெட்டி கட்டினார்கள். சக்கரம் கடைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அலுவலக மேசையில் யாழ்ப்பாணத்துக் கிராணிமார். உலைக்கும் பட்டறைக்கும் தண்டவாளத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே மொழிதான், ஆனால் சம்பளமும் வேறு, குடியிருப்பும் வேறு. செந்தூலையும் பிரிக்ஃபீல்ட்ஸையும் தமிழர் ஊர்களாக்கியது கோயில்கள் மட்டுமல்ல, ரயில்வே குவாட்டர்ஸ்களும்தான். தாத்தா எங்கே வேலை செஞ்சாரு என்று இங்கே பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். ‘வொர்க்‌ஷாப்புல’ என்பார்கள். எந்த வொர்க்‌ஷாப் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பட்டறைமீதும் குண்டு விழுந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாடுகளின் பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பட்டறைகளைத் தாக்கின. இலக்குத் தவறிய குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தையும் சேதப்படுத்தியது. போர் முடிந்து பட்டறை மீண்டும் எழுந்தது. 1962 டிசம்பரில் மலாயா ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாள்கூலியை மாதச் சம்பளமாக மாற்றித் தர வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. 1963 ஜனவரி வரை மூன்று வாரம் நீடித்த போராட்டம் அது. ‘இன்னைக்கு வந்தா இன்னைக்குக் காசு’ என்ற நிலையிலிருந்து ‘நான் இங்கே வேலை செய்றவன்’ என்ற நிலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘13’க்கு வரும்போது தேவைப்படும்.

பர்மிங்காமில் பட்டறைச் சத்தம் கிதாருக்குள் போனது. செந்தூலில் அப்படி நடக்கவில்லை. இந்த இசை நமக்குக் கேசட்டில் வந்து சேர்ந்தது. 1980களில் மலாய் இளைஞர்களிடையே ‘ரோக் காப்பாக்’ அலை அடித்தது. 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ 1989இல் இனம் பார்க்காமல் எல்லார் வாயிலும் இருந்தது. 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீளமுடி வைத்த ராக் பாடகர்களுக்கு ஆர்டிஎம்மில் இடமில்லை என்றார். பாடகர்கள் பத்திரிகைக் கேமரா முன்னால் முடியை வெட்டிக்கொண்டார்கள். 2001இல் ‘பிளேக் மெட்டல்’ பற்றிய பீதி பள்ளிகள்வரை போனது. 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அதை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாக அறிவித்தது. கிதாரைவிடக் கறுப்புச் சட்டைக்குத்தான் இங்கே அதிகம் பயந்தார்கள்.

தமிழர்கள் இந்த இசைக்குள் இறங்கி வலுவாக நின்ற இடம் தெற்கே, சிங்கப்பூரில். 1992இல் அங்கே தொடங்கிய ‘ருத்ரா’ குழு 1998இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. தங்கள் இசையை ‘வேத மெட்டல்’ என்று அழைத்துக்கொண்டது. 2016இல் ஒரு தொகுப்பு. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’. முப்பது ஆண்டு தாக்குப்பிடித்த தென்னிந்திய வம்சாவளிக் குழு அது. அங்குள்ள இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் அவர்களைப் பற்றியும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தைப் பற்றியும் ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் ருத்ராவின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். கருப்பொருள் வேதாந்தம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதைப் பாட வேண்டும் என்பது கலைஞனின் உரிமை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. உலோகத்தின் பெயரால் அழைக்கப்படும் இசையை எடுத்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்கென ஒரு பழமையைத் தேடியபோது உபநிடதத்துக்குப் போனார்கள். தாத்தாவின் பட்டறையும் ஒரு பழமைதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்குரிய விஷயமாக நமக்குச் சொல்லித்தரப்படவே இல்லை.

இலக்கியத்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மலேசியத் தமிழ் எழுத்தில் தோட்டம் இருக்கிறது. ரயில் என்றால் சயாம் மரண ரயில் இருக்கிறது, ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோரின் நாவல்கள் அந்தச் சாவுகளை மறக்கவிடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் சாகாமல், முப்பது வருடம் காலையில் போய் மாலையில் கிரீஸ் கையோடு வீடு திரும்பிய ரயில்வேகாரனுக்கு நம் எழுத்தில் கிடைத்த இடம் மிகச் சிறியது.

இப்போது ‘13’. அது ‘மறுவருகை’ என்று விற்கப்பட்டது. ஆனால் பிளாக் சபாத் ஒருபோதும் முழுசாகப் போய்விடவில்லை. 1979இல் ஓசி வெளியேற்றப்பட்ட பிறகும் பாடகர்களை மாற்றி மாற்றி ஐயோமி குழுவை நடத்தினார். 1995வரை தொகுப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. திரும்பி வந்தது ஒரு சேர்க்கை. ஓசியோடு அவர்கள் செய்த கடைசி ஸ்டூடியோ தொகுப்பு 1978இல் வந்தது. அதனால் 2011 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு பேரும் ஒன்றாக நின்று ‘சேர்ந்து தொகுப்பு செய்கிறோம்’ என்றபோது உலகம் துள்ளியது. நான்கு பேர். நான்காமவர் டிரம்மர் பில் வார்ட்.

2012 ஜனவரியில் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பிப்ரவரியில் வார்ட் ஓர் அறிக்கை விட்டார். தனக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போடக்கூடியதாக இல்லை, கௌரவமான ஒப்பந்தம் தந்தால் வருகிறேன் என்பது அதன் சாரம். நீண்ட பயணத்தைத் தாங்கும் உடல்நிலையில் வார்ட் இல்லை என்று பின்னாளில் ஓசி சொன்னார். இரண்டு பக்கத்திலும் ஏதோ உண்மை இருக்கலாம். முடிவு ஒன்றுதான்: வார்ட் இல்லாமலே தொகுப்பு செய்யப்பட்டது. தயாரிப்பாளர் ரிக் ரூபின், ரேஜ் அகென்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க்கை அழைத்து உட்காரவைத்தார்.

டிரம்மர் மாறினால் என்ன என்று கேட்பவர்கள் தைப்பூச இரதம் ஜாலான் ஈப்போவைக் கடக்கும்போது அங்கே நின்று உருமியைக் கேட்டவர்களாக இருக்க முடியாது. ஒரே தாளத்தை இரண்டு பேர் அடித்தால் இரண்டும் வேறு. வார்ட் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவர் தாளத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு போவதோடு நிறுத்த மாட்டார். ஐயோமியின் கிதார் ஒன்று சொன்னால் இவர் பதில் சொல்வார். நாகஸ்வரத்துக்குத் தவில் பதில் சொல்வதுபோல. கிதார் இழுத்தால் இவரும் பின்தங்குவார், அடுத்த நொடி துள்ளி முன்னால் போவார். அந்த ஆட்டத்தால்தான் அவ்வளவு கனமான இசை நடக்கவும் ஆடவும் செய்தது. வில்க் திறமையான வாத்தியக்காரர். அடி சுத்தமாக விழுகிறது. ஆனால் பதில் வருவதில்லை.

ரூபின் அவர்களுக்கு 1970இன் முதல் தொகுப்பைப் போட்டுக் காட்டினார். ஹெவி மெட்டல் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள், அதற்கு முன்னால் இருந்த உங்கள் மனநிலைக்குப் போங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவானது. கையில் காசில்லாத, இருபது, இருபத்தோரு வயதே ஆன நான்கு பேர் மேடையில் வாசிப்பதுபோல வாசித்தார்கள், முடிந்தது. 2013இல் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஸ்டூடியோவில் அதைத் திரும்பச் செய்தபோது பாட்டுகள் தங்கள் மூதாதைகளை அடையாளம் காட்டின. ‘எண்ட் ஆஃப் த பிகினிங்’ குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பழைய பாட்டின் எலும்புக்கூட்டில் நிற்கிறது. ‘சைட்கைஸ்ட்’ கேட்கும்போதே ‘பிளானட் கேரவன்’ ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒலியை எல்லா இடத்திலும் ஒரே உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது.

இருந்தும் சும்மா சொல்லக்கூடாது, இது உயிருள்ள தொகுப்புதான். உயிர் ஐயோமியின் கையில் இருக்கிறது. ‘டேமேஜ்டு சோல்’ பாட்டில் அவர் புளூஸுக்கு இறங்கி, ஹார்மோனிக்கா பக்கத்தில் முனகும்போது, நோயாளியான ஒரு மனிதர் அவசரப்படாமல் வாசிப்பது கேட்கிறது. பட்லரின் பாஸ் அடியில் தனியாக நடந்துகொண்டே இருக்கிறது. கடைசிப் பாட்டு முடியும்போது மழை, இடி, தூரத்து மணியோசை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வந்த அவர்களின் முதல் தொகுப்பு இதே ஒலிகளோடுதான் தொடங்கியது. வட்டத்தை மூடிவிட்டார்கள். அந்த முதல் மழைக்குப் பிறகு வந்த முதல் அடியில் வார்ட் இருந்தார். இந்தக் கடைசி மழையில் அவர் இல்லை.

வார்ட் கேட்டது அதிகக் காசா, மரியாதையா என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். நாள்கூலியா மாதச் சம்பளமா என்று 1962இல் கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையே விசித்திரமாக இருக்கும். தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் எண்தான் ‘நீ இங்கே யார்’ என்பதற்கான பதில்.

மறுவருகை என்பது பாட்டுக்குழுக்களுக்கு மட்டும் நடப்பதல்ல, ஊர்களுக்கும் நடக்கிறது. 2005 ஏப்ரலில் பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை திவாலாகி நின்றது. அடுத்த மாதம் இங்கே செந்தூலில், பழைய ரயில்வே கட்டடம் ஒன்று கோலாலம்பூர் நிகழ்த்துகலை மையமாகத் திறந்தது. 2003 வெள்ளத்தில் டத்தாரான் மெர்டேக்காவின் நிலத்தடி அரங்கை இழந்த நாடகக்காரர்களுக்கு அது புது வீடு. அழகான இடம், செங்கல் சுவரை இடிக்காமல் கண்ணாடியோடு சேர்த்திருக்கிறார்கள். அங்கே நல்ல நாடகங்கள் நடக்கின்றன. ரயில்வே பட்டறை பின்னர் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. சுற்றிலும் கொண்டோக்கள் எழுந்தன. அவற்றின் பெயர்கள் த டமரிண்ட், த சாஃப்ரன், த ஃபென்னல், த கேப்பர்ஸ். புளி, குங்குமப்பூ, பெருஞ்சீரகம். சமையலறைச் சாமான் எல்லாம் இருக்கிறது. சம்மட்டி, உலை, சக்கரம் எதுவும் இல்லை.

செந்தூலின் மறுவருகையும் ‘13’ மாதிரிதான். தயாரிப்பு சுத்தம், வடிவம் பழையதை ஞாபகப்படுத்துகிறது, விற்பனை நன்றாக இருக்கிறது. தாளம் அடித்தவர் மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை.

பர்மிங்காம் தன் கணக்கைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டது. 2017 பிப்ரவரி 4 அன்று குழுவின் கடைசிப் பயணம் சொந்த ஊரில் முடிந்தது. அன்று அந்த அரங்கின் பெயர் கெந்திங் அரினா; நம்ம ஊர் மலைமேல் இருக்கும் அதே கெந்திங்தான். அன்றும் டிரம்மில் வார்ட் இல்லை. 2019இல் நகரின் கால்வாய்ப் பாலம் ஒன்றுக்குக் குழுவின் பெயரைச் சூட்டி, நான்கு முகங்கள் பதித்த உலோகப் பெஞ்சு ஒன்றை வைத்தார்கள். பெஞ்சில் வார்ட் இருந்தார். கடைசியில், 2025 ஜூலை 5 அன்று, ஓசி வளர்ந்த ஆஸ்டன் தெருக்களின் பக்கத்திலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நான்கு பேரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஓசி எழுந்து நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பின்னால் பில் வார்ட், 77 வயதில், டிரம் அடித்தார். சில பாட்டுகள்தான். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓசி இறந்துபோனார்.

உண்மையான மறுவருகை அந்தச் சில பாட்டுகளில்தான் நடந்தது என்று நினைக்கிறேன். விற்பனைப் பட்டியலில் ‘13’தான் வரலாறு. ஆனால் விட்டுப்போனவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்த பிறகுதான் குழு வீட்டுக்குத் திரும்பியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. இன்னும் மூன்று வாரம் தாமதித்திருந்தால் நடந்தே இருக்காது.

செந்தூலிலும் காலம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலைநிறுத்தத்தின்போது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். பட்டறையில் காலையில் சங்கு ஊதினார்களா, மணி அடித்தார்களா? உலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சத்தத்துக்கு மேலே எப்படிப் பேசிக்கொண்டார்கள்? யாருக்கு விரல் போனது, என்ன கிடைத்தது? மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசி அடி எப்படிக் கேட்கும்? இதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், காது மந்தமாகி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு. அந்தக் காது மந்தமும் பட்டறை தந்ததாக இருக்கலாம். கைப்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்க வேண்டியதுதான்.